சாகசம் மறக்காது, தரைதான் மறக்கும்

2011 மார்ச் 12 அன்று அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகளின் முதலாளிகள் கதவடைப்பு அறிவித்தார்கள். வருமானப் பங்கீட்டுத் தகராறு. ஜூலை 25 வரை வீரர்கள் தங்கள் அணியின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைய முடியவில்லை. தகராறு தீர்ந்ததும் சீசன் நெருங்கிவிட்டதே என்று எல்லா அணிகளும் அவசர அவசரமாக முகாம் தொடங்கின. முதல் 12 நாட்களுக்குள் 10 வீரர்களுக்குக் குதிகால் நாண், அதாவது அக்கிலீஸ் டெண்டன், போனது. அடுத்த 17 நாட்களில் இன்னும் இருவருக்கு. இவர்களில் யாரும் நான்கு மாதமும் சோபாவில் சாய்ந்து கிடந்தவர்கள் அல்லர். தொழில்முறை வீரர்கள் விடுமுறையிலும் தாமாக எடை தூக்குவார்கள், ஓடுவார்கள். தசை இருந்தது, வேகம் இருந்தது, அணியில் இடம் பிடிக்கும் வெறியும் இருந்தது. குதிகால் மட்டும் தயாராக இல்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய கட்டுரையில் கால்பந்துக்காரர்கள் எதற்கு என்று கேட்கலாம். அணித் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பயிற்சியிலிருந்து விலகி நிற்க நேர்ந்த எந்த ஜிம்னாஸ்டுக்கும் இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. கணுக்கால் சுளுக்கு, பொதுத்தேர்வு, குடும்பம் ஊர் மாறியது, கூடம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விலகி நிற்கிற பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வரும் பயம் ஒன்றே: கற்ற வித்தை கைவிட்டுப் போய்விடுமே. அந்தப் பயத்தில் வித்தையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். திரும்பி வந்த முதல் வாரமே பழைய சாகசத்தைச் செய்து பார்த்து, அது இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. உடலை விட்டுக் கடைசியாகப் போவதுதான் வித்தை. முதலில், சத்தமில்லாமல் போவது தரையில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் திறன். இடைவெளியில் காக்க வேண்டியது அதைத்தான். திரும்பும்போது சாகசம் வரிசையில் கடைசியாக நிற்கட்டும்.

தசையின் கதையை முதலில் பார்த்துவிடலாம், அது நல்ல செய்தி. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தவர்களை, அடுத்த 32 வாரங்களுக்கு மிகக் குறைந்த பயிற்சிக்கு மாற்றினார்கள். ஒரு பிரிவினருக்குப் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்குதான். வாரம் ஒரே நாள், அதிலும் ஒரு பயிற்சிக்கு ஒரே சுற்று. இளவயதினர் அந்தச் சொற்ப அளவிலேயே தசையின் பருமனைப் பெரும்பாலும் காத்துக்கொண்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள், விளையாட்டு வீரர்கள் அல்லர் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது: பெருக்க நிறைய வேண்டும், காக்கக் கொஞ்சம் போதும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து 2010இல் நடந்த ஆய்வோ, பயிற்சியால் தசை நாருக்குள் கூடிய உட்கருக்கள் தசை மெலிந்த பிறகும் நீங்காமல் தங்குவதைக் காட்டியது. ஒருமுறை வலுப்பெற்ற தசை மறுபடி வலுப்பெறுவது எளிது என்று பயிற்சியாளர்கள் அனுபவத்தில் சொல்லிவந்ததற்கு அது ஒரு சாத்தியமான விளக்கம்.

இன்னும் வியப்பானது ஓஹையோ பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வு. கை மணிக்கட்டை நான்கு வாரம் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத வலுவை இழந்தார்கள். அதே கட்டோடு, மணிக்கட்டை முழு பலத்தோடு மடக்குவதாக வாரத்தில் ஐந்து நாள் மனத்துக்குள் கற்பனை மட்டும் செய்தவர்கள் இழந்தது சுமார் 24 சதவீதம். அசையாத கைக்கே இவ்வளவு பயன் என்றால், பீமில் செய்யும் முழுப் பயிற்சியையும் கண்ணை மூடி, அதே தாளத்தில், அதே மூச்சில், கைவிரல் நிலை வரை ஓட்டிப் பார்க்கும் பிள்ளை வெறுமனே பகற்கனவு காண்கிறாள் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

கெட்ட செய்தி நாண்களில் இருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் இந்தக் கயிறுகள் பயிற்சிக்குத் தசையைவிட மெதுவாகத்தான் இணங்கும். ஜப்பானிய ஆய்வாளர் கெய்தாரோ குபோவும் குழுவினரும் 2010இல் காட்டியது இன்னும் கசப்பானது. பயிற்சியை நிறுத்தினால், நாண் பெற்ற விறைப்பு தசையின் பலத்துக்கு முன்பாகவே குறைந்துவிடுகிறது. வருவது தாமதம், போவது சீக்கிரம். இடைவெளிக்குப் பின் ஒரு ஜிம்னாஸ்டின் தசை, ‘எனக்குப் பழைய பலம் இருக்கிறது’ என்று நம்பவைக்கும். நாண் அந்தப் பலத்தைத் தாங்கும் நிலையில் இருக்காது. ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான். இரட்டை பின்புறக் குட்டிக்கரணம் போட்டுத் தரையில் இறங்கும்போது பாதத்தில் உடல் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேலான விசை பதிவாகியிருக்கிறது. அதை ஒரு பயிற்சியில் பல முறை, வாரத்துக்கு ஆறு நாள் வாங்கும் கால் இது.

முழுப் பயிற்சியில் இருப்பவர்களுக்கே இது எவ்வளவு மெல்லிய எல்லை என்பதை 2024 ஜூன் இறுதியில் மினியாபொலிஸில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு காட்டியது. ஸ்கை பிளேக்லிக்குப் போட்டி தொடங்கும் முன்பே, பயிற்சியின்போது அக்கிலீஸ் அறுந்தது. கைலா டிசெல்லோவுக்குப் போட்டியின் முதல் நாளே வால்ட்டில் அதே காயம். ஷிலீஸ் ஜோன்ஸ் வால்ட்டுக்கான வார்ம்-அப்பில் முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டு விலக நேர்ந்தது. மூவரும் பாரிஸ் அணியில் இடம்பெறும் வாய்ப்புள்ளவர்கள் என்று பேசப்பட்டவர்கள். இவர்கள் விடுமுறையிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதால் என் வாதத்துக்கு நேரடிச் சான்றாக இவர்களை நிறுத்த மாட்டேன். ஆனால் உலகின் ஆகச் சிறந்த ஏற்பாடுகளோடு வந்த உடல்களுக்கே தேர்வு வாரம் இப்படி என்றால், ஆறு வாரம் ஒதுங்கியிருந்த பதின்மூன்று வயதுக் கால்களை நேராக அந்தத் தரைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

ஆகவே இடைவெளியில் வீட்டில் செய்ய வேண்டியவை கண்ணைக் கவராதவை. சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்ட், முதுகைத் தரையில் பதித்துக் கை கால்களைச் சற்றே உயர்த்திப் பிடிக்கும் ஹாலோ, கவிழ்ந்து படுத்துச் செய்யும் ஆர்ச், ஸ்ப்ளிட், எதிலாவது தொங்கிக் காலை மேலே தூக்குவது. எந்தச் சாகசமும் இந்த உடல் வடிவங்களின் கோவைதான் என்பதால், இவற்றைக் காத்தவளிடம் சாகசத்தின் பாதி தங்கிவிடும். இதோடு பலர் விட்டுவிடுகிற ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து குதிகாலுக்கு வேலை தந்துகொண்டே இருப்பது: படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குதல், பிறகு ஒற்றைக் காலில் அதையே செய்தல், பிறகு சிறு துள்ளல், கயிறு தாண்டல். காயம் காலில் என்றால் கைகளுக்கும் வயிற்றுக்கும் வேலை, காயம் கையில் என்றால் காலுக்கு. மொட்டை மாடியிலும் கட்டில் மெத்தையிலும் டம்ப்ளிங் செய்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பயிற்சியாளரும் பாதுகாப்பு மெத்தையும் இல்லாத இடத்தில் குட்டிக்கரணம் காப்பாற்றித் தரும் எதையும்விட அது பறிக்கக்கூடியது அதிகம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பயிற்சி இல்லையே, எடை ஏறிவிடும்’ என்று வளரும் பிள்ளையின் தட்டைக் குறைக்கும் பழக்கம் இந்த விளையாட்டில் உலகெங்கும் உண்டு. தேவைக்குக் குறைவாக உண்ணும் விளையாட்டு வீரருக்கு எலும்பு, ஹார்மோன், காயம் ஆறும் வேகம் எல்லாமே பாதிக்கப்படும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே எச்சரித்திருக்கிறது. காயம் ஆறுவதற்கு உணவு வேண்டும், இதில் விவாதிக்க எதுவுமில்லை.

திரும்பும் காலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் இரண்டு உடல்வலுப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019இல் கல்லூரி வீரர்களுக்காக வெளியிட்ட நெறிமுறை, விடுப்பு முடிந்து வரும் வீரருக்கு முதல் வாரம் பயிற்சி அளவைப் பாதியாகவும், இரண்டாம் வாரம் 30 சதவீதம் குறைத்தும் வைக்கச் சொல்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸுக்கு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். மணிக்கணக்கை எண்ணுவதைவிடக் கடினத் தரையில் இறங்கும் தடவைகளை எண்ணுங்கள். முதலில் ஃபோம் குழியில், பிறகு கனமான மெத்தையில், பிறகு தரையில். உள்ளங்கைத் தோலையும் மறக்கக்கூடாது. சில வாரம் பார்ஸைத் தொடாத கையில் காய்ப்பு இளகிவிடும். உற்சாகத்தில் முதல் நாளே ஒரு மணி நேரம் தொங்கினால் தோல் உரிந்து, மறுபடியும் ஒரு வாரம் போகும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். தேர்வுக் குழு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மற்றவர்கள் கடினமானதைச் செய்து காட்டும்போது எளிமையானதோடு போய் நின்றால் யார் எடுப்பார்கள்? நியாயமான கேள்வி. பதில் மதிப்பெண் விதியிலேயே இருக்கிறது. சர்வதேச விதிப்படி ஒவ்வொரு அசைவுக்கும் கடின மதிப்பு உண்டு: ஏ வகைக்கு 0.1, பி வகைக்கு 0.2, இப்படியே 0.1 வீதம் ஏறும். இ வகை அசைவு ஒன்றை எடுத்துவிட்டு சி வகையை வைத்தால், இணைப்புப் போனஸ் எதையும் இழக்காதவரை, நஷ்டம் 0.2. கீழே விழுந்தாலோ ஒரு முழுப் புள்ளி போகும். இறங்கும்போது பெரிய அடி ஒன்று எடுத்துவைத்தாலே 0.3. ஐந்து சாகசங்களை எளிதாக்கினாலும் ஒரு விழுதலின் விலைதான் ஆகிறது. உலகக் கோப்பைப் பதக்க மேடையில் இந்தக் கணக்கு மாறலாம், அங்கே கடினம் இல்லாமல் இடமில்லை. பள்ளி, மாவட்ட, மாநில அணித் தேர்வுகளில் சுத்தமாக நீட்டிய முழங்காலும் அசையாத இறக்கமும் அரிதான பொருள்கள். நல்ல தேர்வாளர் கண் அதைத்தான் தேடும்.

இரண்டாவது மறுப்பு அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் பெயரைச் சொல்லி வரும். ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் விலகியிருந்தவர், டோக்கியோவுக்குப் பிறகு இரண்டாண்டு போட்டி மேடையே ஏறாதவர், இரண்டு முறையும் வந்து வென்றாரே. பிறகு எதற்கு இத்தனை பத்தியம்? வென்றது உண்மை. ஆனால் முதல் முறை அவர் 2017 நவம்பரில் பயிற்சிக்குத் திரும்பினார், முதல் போட்டியில் இறங்கியது 2018 ஜூலை இறுதியில். நடுவே எட்டு மாதங்களுக்கு மேல் ஓடியிருக்கிறது. இடைவெளியின் நீளத்தை மட்டும் பார்ப்பவர்கள் திரும்பி வந்த பாதையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. டோக்கியோவிலேயே அவர் இன்னொரு பாடம் தந்தார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாத ‘ட்விஸ்டிஸ்’ வந்ததும் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகி, சில நாள் கழித்து பீமுக்கு மட்டும் வந்தார். முறுக்கு உள்ள இறக்கத்தை விட்டுவிட்டு, முறுக்கே இல்லாத இரட்டைக் கரணத்தோடு இறங்கினார், வெண்கலம் வாங்கினார். இன்னொரு அமெரிக்க ஜிம்னாஸ்ட் சுனிசா லீயும் அப்படித்தான். சிறுநீரக நோயால் கல்லூரி சீசனைப் பாதியில் விட்டவர், 2023 ஆகஸ்டில் திரும்பியபோது நான்கு கருவிகளிலும் இறங்கவில்லை, வால்ட்டும் பீமும் மட்டுமே. பிறகும் நோய் தொந்தரவு செய்தது. 2024 பாரிஸில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் அவருக்கு வெண்கலம்.

மூன்றாவது மறுப்பை நான் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பிள்ளை எவ்வளவு விவேகமாகத் திரும்பினாலும், தேர்வு முறையே இடைவெளியைத் தண்டிப்பதாக இருந்தால்? திரிபுராவைச் சேர்ந்த ஜிம்னாஸ்ட் தீபா கர்மாக்கருக்கு அதுதான் நடந்தது. 2016 ரியோ வால்ட்டில் 0.150 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றவர். 2017இல் முழங்கால் அறுவை சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பைத் தங்கம். ஊக்கமருந்து விதிமீறலுக்கான 21 மாதத் தடை 2023 ஜூலையில் முடிந்ததும், புவனேஸ்வரில் நடந்த ஆசியப் போட்டித் தேர்வில் முதலிடம் பிடித்தார். அணியில் இடம் கிடைக்கவில்லை. கடந்த 12 மாதச் செயல்பாட்டைக் கேட்டது விளையாட்டு அமைச்சகத்தின் அளவுகோல். அந்த 12 மாதத்தில் பெரும்பகுதி அவர் போட்டியிடவே முடியாது. தடைக்குக் காரணம் அவர் பக்கம்தான் என்பது வேறு விஷயம். தேர்வு நடத்திவிட்டு அதன் முடிவைப் பயன்படுத்தாத முறை எந்த வகையிலும் சரியல்ல. அதற்குள் 30 வயதை எட்டிவிட்டிருந்த அவர், 2024 மே மாதம் தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பின் வால்ட்டில் 13.566 புள்ளியோடு தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். அதை அவர் பெற்றது ரியோவில் உலகம் பேசிய புரொடுனோவா என்ற கடின வால்ட்டைக் கொண்டல்ல, அதைவிட எளிய வால்ட்டுகளைக் கொண்டு.

அணித் தேர்வு நடத்தும் சங்கங்கள் காயத்திலிருந்து வருபவர்களுக்கு இரண்டாவது தேதி ஒன்றை முன்கூட்டியே அறிவித்தால், முதல் தேதிக்குள் ஓடி வந்து காலை உடைத்துக்கொள்ளும் அவசரம் பாதி குறையும். அது நடக்கும்வரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில், பழைய சாகசம் வந்துவிட்டதா என்று பயிற்சியாளரைக் கேட்காதீர்கள். இந்த வாரம் என் பிள்ளை கடினத் தரையில் எத்தனை முறை இறங்கினாள், போன வாரம் எத்தனை முறை என்று கேளுங்கள். எண்ணிக்கை ஒரே தாவாகத் தாவியிருந்தால், அந்தத் தேர்வை விட்டுவிட்டு அடுத்ததற்கு அனுப்புங்கள்.