வாய் கொப்பளிக்கும் வேளை

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தையற்கடை வைத்திருக்கும் பெரியவரைத் தெருவில் யாவரும் 'பாய்' என்றே அழைப்பது வழக்கம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மதுவை வாழ்நாளில் தொட்டறியாதவர். சிகரெட் புகை வந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்பவர். ஐந்து வேளைத் தொழுகையையும் ரமலான் நோன்பையும் அவர் விட்டதாக யாரும் சொன்னதில்லை. இத்தகைய மனிதர் சென்ற வருஷம் ஒரு நாள் மாலை, நான் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொண்டிருக்கையில், வாசற்படியில் வந்து நின்றார்.

"ஸார், ஒளுச் செய்யும்போது வாயில் தண்ணீர் பட்டாலே எரிகிறது. இரண்டு மாதமாகிறது. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டும் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த டாக்டர் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, கால், முகம் ஆகியவற்றைச் சுத்தி செய்து கொள்ளும் நியமம். அதில் வாயை மூன்று முறை கொப்பளிப்பதும் சேர்ந்தது. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளுச் செய்பவர் ஒரு நாளில் பதினைந்து தடவை வாயில் நீர் வார்த்துக் கொப்பளிப்பார். நம்மில் பெரும்பாலோருக்கு வருஷம் முழுவதும் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. பாய்க்குத் தெரிந்தது அந்த நியமத்தினால்தான்.

"வெற்றிலை போடுவீர்களே, பாய்?" என்றேன்.

"போடுவேன் ஸார், புகையிலையோடுதான். ஆனால் அது ஹராம் இல்லையே!" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. நான் இஸ்லாமிய மதத்தைச் சேர்ந்தவனல்லன். ஆயினும் அவரோடு டாக்டர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்த நடையில், அந்த மதம் ஆகாரத்தைப் பற்றியும் தேக சுத்தத்தைப் பற்றியும் என்ன சொல்கிறதென்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். வைத்திய சாஸ்திரம் சொல்வதையும் படித்தேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்வதையும், ஓரிடத்தில் மட்டும் ஜனங்கள் பாதை தவறி விடுவதையும் கண்டேன்.

புற்றுநோய்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை தடுக்கக் கூடியவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. புகையிலை, மது, அளவு மீறிய ஆகாரம், உடலுழைப்பின்மை, சில தொற்றுக் கிருமிகள் ஆகியவை முக்கியமான காரணங்கள். இவற்றுள் மதுவை இஸ்லாம் அடியோடு விலக்கி விட்டது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று தீர்மானமாகச் சொன்னது 1988-ல். வாய், தொண்டை, உணவுக்குழல், ஈரல், பெருங்குடல், ஸ்திரீகளின் மார்பகம் ஆகிய இத்தனை இடங்களிலும் அதன் கை இருக்கிறது. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது ஏழைக் குடும்பங்களின் அடுப்பு எரிய வேண்டுமென்பதே நோக்கமாயிருந்தது; புற்றுநோய்க் கணக்கை அப்போது யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் எதுவானாலும், விலக்கியவர்களுக்கு லாபம் லாபமே.

ஆகாரத்தின் அளவைப் பற்றியும் திருக்குர்ஆனில் தெளிவான கட்டளை உண்டு: உண்ணவும் பருகவும் அனுமதி தந்து, விரயத்தை அது கண்டிக்கிறது. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, மற்றொன்று மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் வகுத்துக் கொடுத்ததை ஹஜ்ரத் எனக்கு விளக்கினார். அதிகப்படியான உடற்பருமன் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கு இடம் தருகிறது என்று 2016-ல் லியோன் நிலையத்து நிபுணர்கள் கூறியதை அவரிடம் சொன்னேன். "எங்கள் ஜனங்கள் ஹதீஸை மனப்பாடமாகச் சொல்வார்கள், பிரியாணிச் சட்டியைக் கண்டதும் மறந்து போவார்கள்" என்று சிரித்தார். கல்யாணப் பந்தியில் அமர்ந்த நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது!

இன்னொரு விஷயமும் சொன்னார். வேதத்தில் 'ஹலால்' என்ற சொல்லை அடுத்து 'தய்யிப்' என்றொரு சொல் வருகிறது. தூயது, நல்லது என்று பொருள். அனுமதிக்கப்பட்டதாக மட்டும் இருந்தால் போதாது, நன்மை தருவதாகவும் இருக்க வேண்டுமாம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உப்பும் ரசாயனமும் சேர்த்துப் பதப்படுத்தி டப்பாவில் வரும் மாமிசம் பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமென்று 2015-ல் நிர்ணயித்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் ஹலால் முத்திரை இருப்பதால் உள்ளேயிருக்கும் ரசாயனம் ஓடிப்போய் விடாது.

இனி, பாய் வழி தவறிய இடத்துக்கு வருவோம். புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, இஸ்லாமிய தேசங்களுக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 1600-ஆம் வருஷத்தில். ஆகவே வேதத்தில் அதன் பெயர் இருக்க நியாயமில்லை. வந்த நாளிலிருந்தே ஆலிம்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அனுமதிக்கப்பட்டதென்றும், வெறுக்கத் தக்கதென்றும், ஹராமென்றும் அபிப்பிராயங்கள் எழுந்தன. புகையிலையின் தீமை ஐயமற நிரூபணமான பின், தன் கையாலேயே தன்னை அழித்துக் கொள்வதை வேதம் தடுத்திருப்பதைக் காட்டி, அதை விலக்கப்பட்டதென்று கூறும் ஆலிம்கள் பெருகினார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கிழக்கு மத்தியதரைப் பிராந்திய அலுவலகம் எகிப்து தேசத்து ஆலிம்களின் இத்தகைய தீர்ப்புகளைத் தொகுத்து 1988-ல் பிரசுரித்தது. ஆனால் அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் புகைப்பதைப் பற்றியவை. மெல்லுவது யார் கண்ணிலும் படவில்லை!

வெற்றிலைக்கு நம் நாட்டில் உள்ள கௌரவம் அப்படிப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் பாரத தேசமெங்கும் சுற்றிய இப்னு பதூதா, இந்நாட்டார் விருந்தினருக்குத் தாம்பூலம் கொடுப்பதைப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதையாகக் கருதுவதை எழுதி வைத்திருக்கிறார். நிக்காஹ் ஆனாலும் நிச்சயதார்த்தமானாலும் தட்டில் முதலில் வருவது வெற்றிலை பாக்குத்தான். இந்த மங்கல வஸ்துவின்மேல் முதலில் சந்தேகப்பட்டவர்களுள் ஒருவர் நமது சென்னையிலேயே வேலை பார்த்த வைத்தியர். நிப்ளாக் என்பது அவர் பெயர். 1902-ல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில், வாய்ப் புற்றுக்கும் வெற்றிலை போடும் வழக்கத்துக்கும் உள்ள உறவை அவர் எடுத்துக் காட்டினார். பின்னர், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து இன்று கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ள நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் ஆர், அப்பகுதி ஜனங்களிடையே அதிகமாகக் காணப்பட்ட வாய்ப் புற்றை ஆராய்ந்து 1933-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். தாம்பூலத்தோடு சேரும் புகையிலையின்மேல் குற்றம் சாட்டினார்.

"அப்படியானால் புகையிலையை நீக்கிவிட்டு வெறும் வெற்றிலை பாக்குப் போடலாமே" என்று கேட்பவர் உண்டு. 1985-ல் லியோன் நிபுணர்களும் புகையிலை கலந்த தாம்பூலத்தைத்தான் குற்றவாளியாக்கினார்கள். ஆனால் 2003-ல் மறுபடியும் கூடி ஆராய்ந்தபோது புகையிலையில்லாத தாம்பூலமும், ஏன், பாக்குமேகூட, புற்றுநோய்க்குக் காரணமென்று தீர்ப்புக் கூறிவிட்டார்கள். இடைவிடாமல் பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்சதை தோல்வார் போல் இறுகிப் போகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் சிறுகச் சிறுகத் திறக்க மறுக்கும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாத நிலை வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க 'மாவா'வைக் கன்னத்தில் அடக்கிக் கொள்ளும் வாலிபர்களிடம் இந்தக் கோளாறை இருபத்தைந்து வயதிலேயே காணலாம். குட்காவையும் பான் மசாலாவையும் தமிழ்நாட்டு சர்க்கார் 2013-ல் தடை செய்தது. எங்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் கிழித்துப் போட்ட காகிதப் பைகளை நான் இன்றும் பொறுக்கிக் கொண்டிருக்கிறேன்.

பாயின் கதையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எரிச்சல் கண்ட இரண்டு மாதத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டுக் கருஞ்சீரக எண்ணெயைத் திட்டின்மேல் தடவி வந்தார். கருஞ்சீரகத்தைப் புகழும் ஹதீஸ் உண்டு. நல்ல வாசனைப் பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புற்றுநோயை அது தீர்க்கும் என்பதற்கு மனிதரிடையே ஆதாரம் கிடையாது. இதை ஹஜ்ரத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிறிதும் தயங்கவில்லை. "வைத்தியம் செய்து கொள்ளுங்கள் என்று சொன்னவரும் அதே நபிகள் நாயகம்தான், ஸார். நோயை இறக்கிய ஆண்டவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்றால், அதைத் தேடிப் போக வேண்டாமா?" என்றார். வீண் போன அந்த இரண்டு மாதத்துக்கு என்ன விலை என்பது திட்டின் துணுக்கைப் பரிசோதித்த பின்தான் தெரியும் என்ற நிலையில் நாங்கள் மூவரும் மௌனமாக உட்கார்ந்திருந்தோம்.

பரிசோதனைக்கு நாங்கள் சென்ற இடம் அடையாறு புற்றுநோய் நிலையம். தம் சகோதரியை 1923-ல் இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார், முப்பது வருஷம் அந்தத் துக்கத்தை மறவாமல் முயன்று 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்த இடம் அது. காத்திருந்த பெஞ்சியில் பாய் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் செங்கற்பட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி, கன்னம் வீங்கி, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகப் புண் இருந்ததாம்.

பாய்க்கு அதிர்ஷ்டம் இருந்தது. அணுக்களில் மாறுதல் தொடங்கியிருக்கிறது, புற்றுநோயாகி விடவில்லை என்றார் டாக்டர். திட்டை அறுத்து எடுத்தார்கள். "ஒரு வெற்றிலைகூட ஆகாது" என்பது உத்தரவு.

நாற்பது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? அடுத்து வந்தது ரமலான் மாதம். பகலில் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் பச்சைத் தண்ணீரும் படாத வாய். அதில் வெற்றிலைக்கு ஏது இடம்? நோன்பே புற்றுநோயைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு நிரூபணமில்லை. ஆனால் பழக்கத்தின் பிடியைத் தளர்த்த அதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? சோதனையெல்லாம் மாலையில் நோன்பு திறந்த பிறகுதான். பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்ட நோன்புக் கஞ்சி எவ்வளவு அருமையான ஆகாரம்! அதைக் குடித்து முடித்ததும் பள்ளிவாசல் வாசலில் சிலர் சிகரெட்டைப் பற்ற வைப்பதையும், எண்ணெய் சொட்டும் பலகாரத்தைப் பொட்டலம் பொட்டலமாகத் தீர்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பகல் முழுவதும் ஜெயித்தவர்கள் கால் மணியில் தோற்றுப் போகிறார்கள். பாய் அந்தக் கால் மணியைத் தாண்டுவதற்கு ஒரு யுக்தி செய்தார்: கஞ்சி குடித்ததும் இரண்டு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். இரவுத் தொழுகை வரையில் ஊர்க்கதை பேசுவோம். முதல் வாரம் கை நடுங்கியது. யார் மேலும் எரிந்து விழுந்தார். மூன்றாம் வாரத்தில் கேட்டபோது, ஞாபகம் வருகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றார்.

திருவனந்தபுரம் ஜில்லாவில் பழகிய சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்ததனாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் இறப்போர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. யந்திரம் ஏதுமில்லை, வெளிச்சமும் கண்ணுமே கருவி. இதை ஹஜ்ரத்திடம் சொன்னேன். வாய் கொப்பளிக்கும்போது நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் ஒரு வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் பேசினார். அதைக் கேட்ட பிறகு ஒரு வாரத்துக்குள் இருவர் என் வீட்டுக்கு விலாசம் கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு ஒன்றுமில்லை, கூரிய பல் உராய்ந்த காயம். மற்றவர் ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் நாள் பார்த்துக் கொண்டிருக்கிறார். பாய் தினமும் அவர் கடைக்குப் போய் நச்சரித்து வருகிறார்.