உடுவிலுக்கு வந்த எலைசா அம்மையார்

வயோதிபப் பெற்றோரைப் பராமரிக்கவென்று படிப்பையும் வேலையையும் தள்ளிவைத்த சகோதரிகள் நம்மிடையே பலர். "காலம் வீணாகிறதே" என்று ஊரார் சொல்வதும் அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது.

எலைசா அக்னியூ 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். மிஷனரியாக வேண்டுமென 8 வயதிலேயே தீர்மானித்தார். நல்ல ஊழியந்தான், ஆயினும் அவசரப்படவில்லை. பெற்றோரைப் பார்ப்பதும் ஆண்டவர் தந்த கடமையென, அவர்கள் மறையும்வரை வீட்டிலேயே இருந்தார். 30 வயது தாண்டிய பின்பே கப்பலேறி, 1840 இல் யாழ்ப்பாணம் வந்தார்.

உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஏறக்குறைய 40 ஆண்டுகள் நடத்தினார். 1000 பேர் வரையான பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல், 1883 இல் மானிப்பாயில் காலமானார்.