கை நிறைய ஊதியம், மனம் நிறைகிறதா?

தாம்பரத்தை அடுத்த சானடோரியம் என்னும் பெயர், 1928-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவமனையால் வந்தது என்பதை முதியோர் அறிவர். ஆனால் இன்றைய இளைஞரிடம் அப்பெயரைச் சொன்னால், அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘மெப்ஸ்’ வளாகமே. ஏற்றுமதிக்கென 1984-இல் மைய அரசு நிறுவிய இவ்வளாகத்தில், பிற்காலத்தில் மென்பொருள் நிறுவனங்களும் இடம் பெற்றன. 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், சிறுசேரி வரையில், கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் முதலிய ஊர்களில், மென்பொருள் பணியிலுள்ள மகனோ மகளோ மருமகனோ இல்லாத தெருவே இல்லை என்று கூறிவிடலாம்.

இப்பிள்ளைகள் ஈட்டிய வருவாயால் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. தங்கையின் திருமணமும், தம்பியின் படிப்பும், சொந்த வீடும் அந்த ஊதியத்தால் நிறைவேறின. அப்படியிருந்தும், இரவு உணவுக்கு அமரும் அப்பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி காணோமே, அது ஏன்? “இவ்வளவு சம்பளம் வாங்கியும் குறையா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். “உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிப் பிள்ளை எழுந்து போகிறான். இந்த இடைவெளியைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

ஊதியம் தருவதும் தராததும்

அமெரிக்க உளவியல் அறிஞர் பிரடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர், பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து இரு கேள்விகள் கேட்டார். வேலையில் நீங்கள் மிக மகிழ்ந்த வேளை எது? மிக வெறுத்த வேளை எது? 1959-இல் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட முடிவுகள் இன்றும் கருதத் தக்கவை. மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியோர், செய்து முடித்த செயலையும், அதற்குக் கிடைத்த பாராட்டையும், வேலையின் சுவையையும், தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பையும் குறிப்பிட்டனர். வெறுப்பைப் பற்றிப் பேசியோரோ, நிறுவனத்தின் விதிமுறைகளையும் மேலதிகாரிகள் நடத்தும் முறையையும் முதன்மையாகச் சுட்டினர். ஊதியம் குறைந்தால் மனக்குறை உண்டாகும்; ஆனால் ஊதியம் கூடுவதனால் மட்டும் மனநிறைவு வந்துவிடாது என்பதே அவர் கண்ட முடிவு.

நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே அல்லவா? கணினியில் ஒரு சிக்கலை அவிழ்ப்பதில் அவர்களுக்கு இன்பம் உண்டு. நள்ளிரவு வரை தேடிப் பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியை அவர்களே சொல்லக் கேட்கிறோம். அவர்கள் வேலையை வெறுக்கவில்லை. தம் வேலையைப் பற்றித் தம்மைக் கலக்காமலே யாவும் முடிவாகின்றன என்பதே அவர்களை வாட்டுகிறது.

கேளாமல் குறிக்கப்படும் நாள்

ஒரு மென்பொருளை எந்நாளில் முடிப்பது என்பதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரும் மேல்நிர்வாகமும் பேசி முடிவு செய்கின்றனர். செய்ய வேண்டியவனுக்கு அது பின்னரே தெரிகிறது. நாள் நெருங்கும்போது வேலை பின்தங்கினால், புதிதாக ஆட்களைச் சேர்க்கின்றனர். ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் பணி ஒன்றை நடத்திய பிரடரிக் புரூக்ஸ், 1975-இல் தாம் எழுதிய நூலில் இவ்வழக்கத்தை எச்சரித்தார். பின்தங்கிய மென்பொருள் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பின்தங்கும் என்பது அவர் கண்ட பாடம். புதியவர்க்குக் கற்பிக்கும் சுமை, முன்பே வேலை செய்பவர் தலையில் விழுகிறது என்பதே காரணம். அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட இவ்வுண்மை, பல அலுவலகங்களில் இன்னும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

நேரமும் அவர்கள் கையில் இல்லை. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால், நமக்கு அது இரவு 7.30 அல்லது 8.30. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும் வேளையே இங்குக் குழந்தைகள் தந்தையைத் தேடும் வேளையாகும்.

ஆண்டு இறுதியில் மதிப்பீடு வருகிறது. ‘பெல் கர்வ்’ எனப்படும் முறையில், ஒரு குழுவில் இத்தனை பேர் முதல்நிலை, இத்தனை பேர் கடைநிலை என்று முன்னதாகவே வரையறுக்கப்படும். பத்துப் பேரும் நன்கு உழைத்திருந்தாலும் எவனாவது ஒருவன் கடைசியில் நின்றே ஆகவேண்டும். தோழனுக்கு உதவுவது தனக்கே கேடாகும் நிலையில் நட்பு எங்ஙனம் வளரும்? இத்தகைய தரவரிசையை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013 நவம்பரில் கைவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு பணி முடிந்து அடுத்த பணி கிடைக்காமல் காத்திருப்பதைப் ‘பெஞ்ச்’ என்கின்றனர். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2025 ஜூனில் நடைமுறைக்குக் கொணர்ந்த விதியின்படி, ஓராண்டில் 225 நாட்கள் வாடிக்கையாளர்க்குக் கணக்கிடத்தக்க பணியில் இருத்தல் வேண்டும். காத்திருப்பு 35 நாட்களைத் தாண்டலாகாது. பணியைத் தேடிக்கொள்ளும் கவலை இவ்வாறு பணியாளர் மீதே சாய்கிறது.

மேலாளரின் நிலை

இதனால் மேலாளர் யாவரும் கொடியவர் என்று கூறுவது நம் நோக்கமன்று. நேற்று வரை நல்ல பொறியாளராக விளங்கியவரே இன்று மேலாளர். கணினியை நடத்தக் கற்ற அவருக்கு மனிதரை நடத்தக் கற்பித்தவர் யார்? மேலிருந்து வரும் நெருக்குதலைத் தாங்கி, அதையே கீழே இறக்கி வைக்கிறார். அவருடைய இருக்கையும் உறுதியானதன்று. 2025 ஜூலையில் அதே நிறுவனம், தன் பணியாளரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேர் அளவில், குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தோரே பெரிதும் பாதிக்கப்படுவர் எனத் தெரிவித்தது. நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடன் பாதியில் நிற்கையில், இச்செய்தியைக் கேட்கும் ஒரு குடும்பத் தலைவரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் சொல்வது

மென்பொருள் பணியாளர்க்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்நிறுவனத்தில் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் பணிநீக்கங்கள் நிகழ்ந்தன. 2015 ஜனவரியில் பெண் பொறியாளர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு ஏதும் இல்லை என்றும், பணியாளர் சங்கம் அமைக்கலாம் என்றும் 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்றும், அதில் இரு தரப்பினரும் சமமாக அமரவேண்டும் என்றும் கூறுகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் இச்சட்டத்தின் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆயினும் ஒருவர் தொழிலாளரா அல்லரா என்பதை அவருடைய பதவிப் பெயரைக் கொண்டன்று, அவர் உண்மையில் செய்யும் வேலையைக் கொண்டே நீதிமன்றங்கள் முடிவு செய்து வந்துள்ளன. இதனைப் பணியாளர் பலரும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

செய்ய வேண்டியவை

நிர்வாகத்தினர்க்கு முதற்கண் ஒரு வேண்டுகோள். நாள் குறிக்கும் முன், செய்பவனைக் கேளுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. தன் சொல்லும் கேட்கப்பட்டது என்றறிந்தவன், கடினமான வேலையையும் தனதாக எண்ணிச் செய்வான். மேலாளராக உயர்த்துமுன் மனிதரை நடத்தும் பயிற்சியும் அளியுங்கள்.

பொறியாளர்களே, மனக்குறையை உள்ளேயே அடக்கி நோயாக்கிக் கொள்ளாதீர்கள். வேலை அளவையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தக்காரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மிரட்டலுக்கு அஞ்சி விலகல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் சட்டம் அறிந்தவரையோ சங்கத்தையோ அணுகுங்கள். வருவாய் முழுவதையும் மாதத் தவணைகளுக்கு அடகு வைத்துவிட்டால், “இயலாது” என்று சொல்லும் உரிமையையும் இழந்துவிடுவீர்கள் என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்க்கும் வாழ்க்கைத் துணைவர்க்கும் ஒரு சொல். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அலுவலகத்தில் வாய் திறக்க முடியாதவன், வீட்டிலாவது பேசட்டும். வேலையை இழந்து வந்து நின்றால், அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கலங்காதீர்கள். அந்த வேலை போயிற்றே அன்றி, அவன் கற்ற கல்வியும் உழைக்கும் ஆற்றலும் போய்விடவில்லை. அவ்வேளையில் நீங்கள் காட்டும் பரிவே, அடுத்த வாயிலைத் தட்டும் துணிவை அவனுக்குத் தரும்.