நுரை உருளையால் கார் வண்ணப்பூச்சு

நுரை உருளையால் கார் வண்ணம் பூசுதல் என்பது, காற்றழுத்தக் கருவியோ தெளிப்புத் துப்பாக்கியோ இல்லாமல், நீர்க்கக் கலந்த எனாமல் வண்ணத்தைச் சிறிய நுரை உருளையால் (ஸ்பாஞ்ச் ரோலர்) பல மெல்லிய பூச்சுகளாக இட்டு, இடையிடையே தேய்த்துச் சமன்செய்யும் முறையாகும். பட்டறைக் கூலி கொடுக்க இயலாத பழைய கார், வேன், சிறு சரக்கு வண்டி ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. இதில் செலவு குறையும். அதற்கு ஈடாக உழைப்பும் நாட்களும் கூடும். தகட்டைத் துரு தின்னாமல் காப்பதே இதன் முதன்மைப் பயன். பளபளப்பு அதற்கு அடுத்ததுதான்.

பின்னணி

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் எல்லா வண்டிகளுக்கும் கையால்தான் வண்ணம் பூசப்பட்டது. எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டுத் தேய்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆனது. 1920களில் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம் வந்தபின் தெளிப்பு முறை பரவி, உலரும் நேரம் மணிக்கணக்காகக் குறைந்தது. இன்றைய தொழிற்சாலைகளில் வண்டியின் உடற்கூடு முழுவதும் துருத்தடுப்புக் கரைசலில் மூழ்க வைக்கப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் அடிப்பூச்சு ஏற்றப்படுகிறது. மேற்பூச்சுகள் சூட்டடுப்பில் வேகவைத்து இறுக்கப்படுகின்றன.

வீட்டில் இந்த வசதிகள் கிடையா. ஆனால் லாரிக்குக் கையால் எனாமல் பூசும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளது. உருளை முறை அதன் நெருங்கிய உறவு.

குந்தாரப்பள்ளிச் சூழல்

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய ஊர். இங்கு கூடும் வாரச்சந்தை, ஆடு மாடு விற்பனைக்குப் பெயர் பெற்றது. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் போன்ற வாகன ஆலைகள் உள்ளன. புது வண்டிகள் உருவாகும் இதே வட்டாரத்தில்தான் பழைய வண்டிகளும் காய்கறி, தீவனம், கால்நடை ஏற்றிப் பிழைப்புக்கு ஓடுகின்றன.

கால்நடை ஏற்றும் வண்டியில் சிறுநீரின் உப்பும் சாணத்தின் ஈரமும் தளத்தகட்டின் மூட்டுகளில் தங்கித் துருவை விரைவுபடுத்தும். நெடுஞ்சாலையில் தெறிக்கும் சிறுகல் முன்பக்க வண்ணத்தைப் பெயர்க்கும். பெயர்ந்த புள்ளியில் துரு தொடங்கும். தகடு ஓட்டையாகிவிட்டால் வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலையாகிவிடும்; அதன் செலவு பல மடங்கு. எனவே எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது மட்டும் வண்ணம் பூசுவதை விட, துரு புள்ளியாக இருக்கும்போதே அதைச் சுரண்டிப் பூசிவிடுவது இலாபம்.

எனாமல் உலரும் விதம்

கடைகளில் சிந்தெடிக் எனாமல் என விற்கப்படுவது ஆல்கைடு பிசின் கொண்ட வண்ணம். இது இரண்டு கட்டமாக உலர்கிறது. முதலில் அதிலுள்ள டர்பன்டைன் ஆவியாகிறது. பிறகு பிசின், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. இந்த மெதுவான உலர்வே உருளை முறைக்குக் கைகொடுக்கிறது: உருளை விட்டுச்செல்லும் தடங்களும் குமிழ்களும் அடங்கி, பரப்பு தானாகச் சமமாக நேரம் கிடைக்கிறது.

தடிமனாகப் பூசினால் மேல்பகுதி மட்டும் தோல்போல் இறுகி, அடிப்பகுதி ஈரமாகவே நிற்கும். அடுத்த பூச்சில் அது சுருங்கிவிடும். மெல்லிய பூச்சுகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஆயத்த வேலை

மொத்த உழைப்பில் பெரும்பகுதி வண்ண டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிகிறது.

1. வண்டியைச் சோப்புத்தூள் நீரால் கழுவி, எண்ணெய், மெழுகு, பாலிஷ் ஆகியவற்றை நீக்க வேண்டும். இவை எஞ்சிய இடத்தில் வண்ணம் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.
2. துருவைக் கம்பித்தூரிகையாலும் 80 அல்லது 120 எண் உப்புத்தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். துருவின் மேல் பூசினால் அது உள்ளேயே வளர்ந்து வண்ணத்தைத் தூக்கிவிடும்.
3. வெறும் தகட்டுக்கு அன்றே ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர் பூச வேண்டும். நெளிவுகளுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, பட்டியின் மேலும் பிரைமர் இட வேண்டும்.
4. பழைய வண்ணம் உறுதியாக இருந்தால் அதை முழுவதும் நீக்கத் தேவையில்லை. 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து அதன் பளபளப்பைப் போக்கினால் போதும்.
5. கண்ணாடி, விளக்கு, ரப்பர் விளிம்பு, நம்பர் பிளேட் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பாலும் செய்தித்தாளாலும் மூட வேண்டும்.

பூசும் முறை

ஏறத்தாழ 4 அங்குல அகலமும் நெருக்கமான நுண்துளைகளும் கொண்ட உருளை ஏற்றது. எனாமலுடன் மினரல் டர்பன்டைனைச் சிறிது சிறிதாகக் கலந்து, குச்சியில் எடுத்தால் தடையின்றி வடியும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிகவும் நீர்த்தால் நெட்டுப் பரப்பில் ஒழுகும். கதவின் அடிப்பகுதி போன்ற மறைவான இடத்தில் முதலில் சோதிப்பது நல்லது.

உருளையைத் தட்டில் உருட்டி, மிகுதியை வடித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கதவு அல்லது பானெட் என ஒரு பகுதியை மட்டும் முடிக்க வேண்டும். அழுத்திப் பூசினால் குமிழ் வரும். பூசிய உடனே காலி உருளையை எடையின்றி ஒரே திசையில் ஒருமுறை ஓட்டினால் குமிழ்கள் உடையும். உருளை எட்டாத இடுக்குகளுக்கு மென்மையான தூரிகை பயன்படும்.

முதல் பூச்சில் பழைய நிறம் தெரியும். அதை மறைக்க மேலும் வண்ணம் ஏற்றக் கூடாது. ஒரு நாள் உலரவிட்டு இரண்டாம் பூச்சு இட வேண்டும். இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 600 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டு மெதுவாகத் தேய்த்து, துடைத்து உலர்த்த வேண்டும். மொத்தம் நான்கு முதல் ஆறு பூச்சுகள் தேவைப்படும். சிறிய காரின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 8 முதல் 10 சதுர மீட்டர். எல்லாப் பூச்சுகளுக்கும் சேர்த்து 3 முதல் 4 லிட்டர் எனாமல் போதும்.

கடைசிப் பூச்சு சில வாரங்கள் இறுகிய பிறகு, 1500, 2000 எண் தாள்களால் நீரோடு தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். பளபளப்பு பெரிதும் இந்தத் தேய்ப்பில்தான் கிடைக்கிறது. சரக்கு வண்டிக்கு இக்கட்டம் தேவையில்லை.

காலமும் இடமும்

ஓசூர்ப் பகுதி மேட்டுநிலம். மார்கழி, தை மாதப் பனி, ஈரமான பூச்சின் மேல் படிந்தால் பளபளப்பு மங்கும். மழைக்காலமும் ஆகாது. கோடையில் நேரடி வெயிலில் சுட்ட தகட்டின் மேல் பூசினால் வண்ணம் சமமாவதற்குள் உலர்ந்து தடம் நிற்கும். பனி விலகிய முற்பகலில், நிழலான கொட்டகையில், தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுப் பூசுவது சிறந்தது.

பாதுகாப்பு

பழைய வண்ணங்களில், குறிப்பாக மஞ்சள் நிறத்தில், ஈயம் இருக்கக்கூடும். வீட்டு, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் இந்திய விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது முகக்கவசம் அணிந்து, இயன்றவரை நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். சிறுவர்களும் கால்நடைத் தீவனமும் அருகில் இருக்கக் கூடாது.

எனாமல் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், பிசின் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகத் தீப்பற்றலாம். வைக்கோல் போர் உள்ள வீடுகளில் இது பேராபத்து. துணிகளைத் தனித்தனியே விரித்துக் காயவைக்க வேண்டும் அல்லது நீரில் ஊறவைக்க வேண்டும்.

கடினமாக்கி சேர்த்துக் கலக்கும் பாலியூரித்தேன் வண்ணத்தில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. உரிய சுவாசக் கருவி இல்லாமல் அதை வீட்டில் கையாளக் கூடாது.

சட்ட விதிகள்

வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறமும் குறிக்கப்படுகிறது. அதே நிறத்தை மீண்டும் பூசினால் சிக்கலில்லை. நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவில் திருத்த வேண்டும். கர்நாடக எல்லையை அடிக்கடி கடக்கும் வண்டிகளில் சான்றிதழும் நிறமும் பொருந்தாவிட்டால் சோதனையின்போது தொல்லை நேரும். இராணுவ வாகனங்களுக்கு உரிய ஆலிவ் பச்சையை மற்ற வண்டிகளுக்குப் பூச 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை விதிக்கின்றன.

வரம்புகள்

மெட்டாலிக் நிறங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றிலுள்ள உலோகத் துகள்கள் சீராகப் படியத் தெளிப்பு முறையே தேவை. பிளாஸ்டிக் பம்பரில் அதற்குரிய பிரைமர் இல்லாமல் பூசினால் எனாமல் உரிந்துவிடும். வெயிலில் ஆல்கைடு எனாமல், ஆலைப் பூச்சைவிட விரைவில் வெளிறும். பின்னாளில் பட்டறையில் உயர்தர வண்ணம் பூச நினைத்தால், அதன் வலுவான தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருக்கிவிடும் என்பதால் முழுவதையும் நீக்க நேரிடும். ஆகவே நல்ல ஆலைப் பூச்சுள்ள புதிய காருக்கு இதைச் செய்வது நட்டம். வண்ணம் ஏற்கெனவே கெட்டு, துரு எட்டிப்பார்க்கும் பழைய வண்டிக்கோ, சில நாள் உழைப்பில் மேலும் சில ஆண்டுகள் கிடைக்கும்.