பானைக்குள் இன்சுலின்

அக்னி நட்சத்திர நாட்களில் சோழவரம் ஏரிக்கரைக் காற்றே சுடும். அப்போது கரண்ட் போனால், சுகர் ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் குப்பிதான் முதல் கவலை. கெட்டுவிடுமோ என்று பயந்து அதை ஃப்ரீசரில் வைப்பவர்களும் உண்டு. வெயிலைவிடப் பெரிய கேடு அதுதான்.

இன்சுலின் ஒரு புரதம். சூடு கூடினால் அதன் மூலக்கூறுகள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆனால் சாதாரண வெயில் காலச் சூட்டில் இது மெதுவாக நடக்கும். உறைந்த இன்சுலின் கதை வேறு. ஒருமுறை உறைந்தாலே அதன் வீரியத்தை நம்ப முடியாது. உருகிய பிறகு கண்ணுக்குப் பழையபடியே தெரியலாம், ஊசி போட்டால் சுகர் சரியாக இறங்காமல் போகலாம். அப்படிப்பட்ட குப்பியைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் வைக்கலாம். திறந்ததை 30 டிகிரிக்குள் வைத்திருந்தால் பெரும்பாலான வகைகளை நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம்; பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுவது நல்லது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கென்யாவின் தாகஹலே அகதி முகாமில் பகல் 37, இரவு 25 டிகிரி என்று ஏறி இறங்கும் சூட்டை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, அதில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்ததற்கும் இதற்கும் வீரியத்தில் வேறுபாடு தெரியவில்லை. அதற்காக வேண்டுமென்றே வெயிலில் வைக்கச் சொல்லவில்லை. கரண்ட் போன அரைநாளுக்குப் பதற வேண்டாம் என்கிறேன்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. குப்பியை நனையாமல் டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கடற்காற்றின் புழுக்கம் இருக்கும் நம் பக்கத்தில் நீர் அவ்வளவு வேகமாக ஆவியாகாது. ராஜஸ்தான் பானை தரும் குளிர்ச்சியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமாகப் பார்த்து வைத்தால் பலன் கூடும். கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் போகிறவர்கள் பைக் டிக்கியில் மட்டும் இன்சுலினை வைக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கி அடுப்புதான்.

சேமிப்பைவிட எனக்கு அதிக பயம் தருவது அளவுக் குழப்பம். நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் குப்பியில் 1 மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பேனாவில் போடும் இன்சுலினில் பெரும்பாலும் 100 யூனிட். 100 யூனிட் ஊசிக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறி, சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மூடியைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் வீசாதீர்கள். பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். காலியான பினாயில் பாட்டில் ஒன்றில் சேர்த்து, ‘ஊசி’ என்று எழுதி இறுக்கி மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.