குரல், மேடை, குற்றம்: ஹெவி மெட்டல் ரசிகரின் தராசு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், 2025 ஜூலை 5ஆம் தேதி ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் கடைசியாகப் பாடினார். வயது 76. பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடியேதான் பாடினார். குரல் பல இடங்களில் தடுமாறியது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்த கூட்டம் அந்தத் தடுமாற்றத்தைத் தன் குரலால் தாங்கிக்கொண்டு கூடவே பாடியது. பலர் அழுதார்கள். மெட்டாலிகா, ஸ்லேயர், கன்ஸ் அன்ட் ரோசஸ் போன்ற பெரிய குழுக்களெல்லாம் அன்று அவருக்கு முன்னால் வாசித்து மரியாதை செலுத்தின. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸி காலமானார்.

தடுமாறிய குரலுக்குக் கண்ணீர் விட்ட இதே ரசிகர்கள், வேறொரு பாடகர் பதிவு செய்த குரலுக்கு வாயசைத்தார் என்று தெரிந்தால் மன்னிக்க மாட்டார்கள். வெளியாருக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கும் இந்த இசைக்குள் ரசனையின் அளவுகோல்கள் மிகக் கறாரானவை. பாடகர் தன்னிடம் இருப்பதை முழுசாகக் கொடுத்தாரா என்பதே அவர்கள் முதலில் எடை போடும் விஷயம். குரலிலும் மேடையிலும் இந்தத் தராசு நன்றாகவே வேலை செய்கிறது. இசைக்கலைஞர் குற்றவாளியாகவும் இருக்கும்போதுதான் அதன் முள் நிலைகொள்ளாமல் ஆடுகிறது.

கரகரப்பும் ஒரு கலை

ஹெவி மெட்டலின் பிறப்பிடமும் பர்மிங்காம்தான். அங்கே 1968இல் கூடிய, ஆஸி உள்பட நான்கு தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பிளாக் சபாத் குழுவைத் தொடங்கினார்கள். கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே செய்துகொண்ட தொப்பிகளை அந்த விரல்களில் மாட்டிக்கொண்டு வாசித்தார். விரலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கினார். மெட்டலுக்கே உரிய கனத்த நாதம் உருவானதில் அந்த விபத்துக்கும் பங்குண்டு. குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது.

1979இல், குடியும் போதையும் முற்றிப்போன ஆஸியைக் குழு வெளியேற்றியது. அவர் இடத்துக்கு அமெரிக்கரான ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பம் 1980இல் வெளியான நாளிலிருந்து ‘ஆஸியா, டியோவா?’ என்ற வழக்கு ரசிகர்களிடையே நடந்துகொண்டே இருக்கிறது. ஆஸியின் குரல் மெலிந்தது, ஓலம் போன்றது; கிட்டார் போகும் வழியிலேயே ஒட்டிக்கொண்டு போகும். டியோவின் குரல் மார்பிலிருந்து எழுந்து, பாட்டைத் தானே இழுத்துச் செல்லும். டியோ பாட்டு வாத்தியாரிடம் போனதில்லை. சிறுவனாக டிரம்பெட் வாசித்தபோது பழகிய மூச்சுக் கட்டுப்பாடுதான் தனக்கு உதவியது என்பார். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல நீட்டும் மெட்டல் சைகையைப் பரப்பியவரும் அவரே. அது அவருடைய இத்தாலியப் பாட்டி திருஷ்டி கழிக்கப் பயன்படுத்திய சைகை.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டும் அயர்ன் மெய்டன் குழுவின் புரூஸ் டிக்கின்சனும் உச்ச ஸ்தாயிக் குரலுக்குப் பேர் போனவர்கள். போர்க்காலச் சங்குபோல ஒலிக்கிறது என்று டிக்கின்சனின் குரலுக்கு ரசிகர்கள் பட்டமே கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இன்னொருவர் நின்று பாடுவது லேசான காரியமில்லை. ஹால்ஃபோர்ட் 1992இல் விலகிய பிறகு, ஜூடாஸ் பிரீஸ்ட் பாடல்களையே மேடைகளில் பாடிவந்த அமெரிக்க ரசிகர் டிம் ஓவன்ஸைக் குழு 1996இல் சேர்த்துக்கொண்டது. ஓவன்ஸ் எல்லா உச்சங்களையும் எட்டிப் பிடித்தார். குறை சொல்ல முடியாத திறமை. ஆனாலும் 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பி வந்தபோதுதான் பெருவாரியான ரசிகர்கள் நிம்மதியடைந்தார்கள். ஓவன்ஸ் பாடிய இரண்டு ஸ்டூடியோ ஆல்பங்களுக்கும் இன்றுவரை உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பது நியாயமான வருத்தம்.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் டெத் மெட்டல் என்ற கிளை முளைத்தது. உறுமல்தான் அதன் பாட்டு. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நாம் பேசும்போது அதிரும் குரல் நாண்களுக்குச் சற்று மேலே, போலிக் குரல் நாண்கள் என்ற இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. சாதாரணப் பேச்சில் அவை பெரும்பாலும் சும்மா கிடக்கும். உறுமும் பாடகர் அவற்றை நெருக்கி, அடிவயிற்றிலிருந்து சீராகக் காற்றைத் தள்ளி, அதிரச் செய்கிறார். வாயைக் குவித்தும் விரித்தும், நாக்கை உள்ளிழுத்தும் அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கிறார். வெறுமனே கத்தினால் சில நாளில் குரல் போய்விடும். பயிற்சியோடு செய்பவர்கள் பல ஆண்டுகள் பாடுகிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த குரல் ஆசிரியை மெலிசா கிராஸ் இதற்கென்றே பாடமுறை வகுத்து, வீடியோவாகவும் வெளியிட்டிருக்கிறார்.

அதனால்தான் தேர்ந்த ரசிகர்கள் உறுமலிலும் தரம் பார்க்கிறார்கள். சொல் புரிகிறதா, தாளத்தோடு இழைகிறதா, ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கேட்கிறார்கள். ஸ்வீடனின் ஆர்ச் எனிமி குழுவில் 2000இன் இறுதியில் ஆஞ்செலா கோசோ சேர்ந்தபோது, ஒலிப்பதிவை மட்டும் கேட்ட பலர் ஆண் குரல் என்றே எண்ணினார்கள். உக்ரைனின் ஜிஞ்சர் குழுவில் தாத்தியானா ஷ்மாய்லுக், தாலாட்டுப் போன்ற குரலிலிருந்து உறுமலுக்கு ஒரே மூச்சில் தாவுகிறார். பெண்ணால் முடியுமா என்ற பழைய கேள்வியை இவர்கள் இருவரும் முடித்துவைத்தார்கள்.

ஸ்வீடனின் ஓபெத் குழுவின் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட் இரண்டு குரலிலும் வல்லவர். 2011இல் வந்த ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பத்தில் உறுமலை முற்றிலும் விட்டுவிட்டார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: கலைஞன் மாறலாம் என்றது ஒரு பக்கம், உயிரையே எடுத்துவிட்டார் என்றது மறுபக்கம். 2024இல் வந்த ஆல்பத்தில் உறுமல் திரும்பியபோது இரு தரப்பும் ஒன்றாகக் கொண்டாடியது. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் 2009இல் இந்தக் குழு வாசித்திருக்கிறது. உறுமலும் மெல்லிசையும் கலந்த அந்தப் பழைய ஓபெத்தை நேரில் கேட்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு.

கீழே விழுந்தால் தூக்கிவிடு

ஒலிப்பதிவில் எதையும் செதுக்கிச் சரிசெய்துவிடலாம், மேடையில் முடியாது. எனவே நேரடி நிகழ்ச்சிதான் மெட்டல் ரசிகருக்கு உரைகல். ஜூடாஸ் பிரீஸ்ட் 1979இல் டோக்கியோவில் பதிவு செய்து வெளியிட்ட நேரடி ஆல்பத்தில், குரல் மட்டும் பின்னர் ஸ்டூடியோவில் பாடப்பட்டது என்று ஹால்ஃபோர்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார். இன்றும் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் முதலில் அந்தப் பேச்சுத்தான் வரும். 2022இல் ஃபாலிங் இன் ரிவர்ஸ் என்ற அமெரிக்கக் குழு, லேப்டாப்கள் காணாமல் போனதால் ஒரு விழாவில் வாசிக்க முடியாது என்று சொன்னபோது, லேப்டாப் இல்லாவிட்டால் பாட முடியாதா என்று பெரிய சர்ச்சையே வெடித்தது.

பாடகரிடம் கேட்கும் உழைப்பை ரசிகர்கள் தாங்களும் தருகிறார்கள். மேடைக்கு முன்னால் கூட்டம் விலகி வட்டமாக ஓர் இடம் விடும். தாளம் வேகமெடுத்ததும் அந்த வட்டத்துக்குள் இறங்கி ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள், சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். இதற்குப் பெயர் மாஷ் பிட். பார்க்கக் கலவரம்போல இருக்கும். ஆனால் யாராவது கீழே விழுந்தால், பக்கத்திலிருக்கும் நாலைந்து கைகள் உடனே அக்குளில் கொடுத்துத் தூக்கி நிறுத்தும். தரையில் கிடக்கும் ஒற்றை ஷூவை ஒருவர் எடுத்து, உரியவர் கண்ணில் படும்வரை தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கும் எழுதப்படாத இந்த விதிகளைப் புதிதாக வருபவர் முதல் பாட்டிலேயே கற்றுக்கொள்கிறார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் நிகழ்ச்சி வீடியோக்களை ஆராய்ந்து, மாஷ் பிட்டில் மனிதர்கள் நகர்வது வாயு மூலக்கூறுகளின் நகர்வை ஒத்திருக்கிறது என்று 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். நெரிசலில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இத்தகைய ஆய்வு உதவும்.

விதிகள் தவறும் நாளும் உண்டு. 2010இல் பிராக் நகரில் லாம்ப் ஆஃப் காட் குழு வாசித்தபோது, மேடைமேல் ஏறிய 19 வயது ரசிகர் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, பிறகு இறந்தார். அவரைத் தள்ளிவிட்டதாகப் பாடகர் ராண்டி பிளைத் 2012இல் அதே நகரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். ஜாமீனில் அமெரிக்கா திரும்பியவர், அங்கேயே இருந்துவிடாமல் விசாரணைக்காகத் தானே பிராக் போனார். 2013இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெரும்பங்குப் பொறுப்பு நிகழ்ச்சி நடத்தியவர்களுடையது என்றது. இறந்தவருடைய பெற்றோரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் போன பிளைத் மீது ரசிகர்களின் மதிப்புக் கூடியதில் வியப்பில்லை.

நேரடி நிகழ்ச்சிக்காகவே பேர் பெற்ற கிராமம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது: வாக்கன். இரண்டாயிரம் பேர் வாழும் ஊர். 1990இல் சில நூறு பேரோடு அங்கே தொடங்கிய மெட்டல் விழாவுக்கு இப்போது ஆண்டுதோறும் எண்பத்தைந்தாயிரம் பேர்வரை வருகிறார்கள். டெல்லியைச் சேர்ந்த பிளடிவுட் குழு 2019இல் அந்த மேடையில் டோல் மேளத்தோடு ஏறியது. இந்தியாவிலேயே பெரிய குழுக்களைக் கேட்கும் வாய்ப்பைப் பெங்களூரும் தந்தது. அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் அங்குள்ள அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள்.

கொலைகாரனின் கிட்டார்

மெட்டல்மீது சுமத்தப்பட்ட பழிகளில் பாதி வீண்பழி. 1985இல் அமெரிக்க செனட்டில் பாட்டு வரிகளைப் பற்றியே விசாரணை நடந்தது. 1990இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், இரண்டு இளைஞர்களின் தற்கொலை முயற்சிக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் பாடலில் ஒளிந்திருந்த ரகசியச் செய்திதான் காரணம் என்று வழக்கு நடந்தது. தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக வந்தது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக் காட்சியைக் கண்டால் மனம் எவ்வளவு விழித்துக்கொள்கிறது என்று சோதித்தார்கள். டெத் மெட்டல் ரசிகர்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஹால்ஃபோர்ட் 1998இல் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது, தோல் உடையும் ஆண்மை முறுக்குமாக வளர்ந்த இந்த உலகம் அவரை ஒதுக்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை.

மறுபாதி வீண்பழி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயில் பிளாக் மெட்டல் என்ற கிளையைச் சேர்ந்த இளைஞர்கள் தேவாலயங்களுக்குத் தீவைத்தார்கள். 1992இல் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டோஃப்ட்டில் பழமையான மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. அதே ஆண்டு எம்பெரர் குழுவின் டிரம்மர், லில்லஹம்மரில் ஓர் ஒருபாலீர்ப்பாளரைக் குத்திக் கொன்றார். 1993 ஆகஸ்டில், பர்சம் என்ற பெயரில் தனியாளாக இசையமைத்துவந்த வார்க் விக்கர்னஸ், மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞர் யூரானிமஸைக் கத்தியால் குத்திக் கொன்றார். 21 ஆண்டு தண்டனை பெற்று 2009இல் வெளியே வந்தார். 2014இல் பிரான்ஸ் நீதிமன்றம் இனவெறுப்பைத் தூண்டியதற்காக அவரைத் தண்டித்தது.

மேஹெமின் முதல் முழு ஆல்பம் 1994இல் வெளியானது. அதில் கிட்டார் வாசிப்பவர் யூரானிமஸ். பேஸ் கிட்டார் வாசிப்பவர் விக்கர்னஸ். கொலைகாரனின் வாசிப்பை நீக்கும்படி யூரானிமஸின் பெற்றோர் கேட்டும், மேஹெமின் டிரம்மர் அதை அப்படியே விட்டுவிட்டார். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் சேர்ந்து வாசிக்கும் அந்த ஆல்பம், பிளாக் மெட்டலின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

ரசிகரின் பழைய தராசு இங்கேதான் ஏமாற்றுகிறது. நடிப்பில்லாமல், முழுசாகத் தன்னைக் கொடுப்பவரே உயர்ந்தவர் என்றால், விக்கர்னஸும் நடிக்கவில்லை. அவர் வெறுப்பும் உண்மையானதுதான். ‘மேடைக்கு வெளியே என்ன செய்தால் நமக்கென்ன’ என்று சில ரசிகர்கள் நழுவுகிறார்கள். அது சரியான பதில் இல்லை. செத்தவர்கள் நிஜ மனிதர்கள். வெறுப்புக்கு இலக்கானவர்கள் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். பான்டெரா குழுவின் பாடகர் ஃபில் அன்செல்மோ 2016இல் மேடையில் நாஜி சல்யூட் அடித்து வெள்ளை இன ஆதிக்க முழக்கமிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2023இல் ஜெர்மனியின் இரண்டு பெரிய விழாக்கள் பான்டெராவைப் பட்டியலிலிருந்து நீக்கின. யூத வதை நடந்த நாட்டில் அந்த முடிவு முற்றிலும் நியாயம்.

பழைய பாட்டைக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் கேட்பவர் யாருடையதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். வெறுப்பை விற்று இன்றும் வாழ்கிறவருக்குத் தன் காசு போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் அறையிலிருந்து உறுமல் கேட்டால் கதவைத் தட்டி, யார் பாடுவது, அவர் கதை என்ன என்று கேளுங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். நீங்களும் கேட்டுப் பார்க்க விரும்பினால் பிளாக் சபாத்தின் ‘ஹெவன் அண்ட் ஹெல்’, அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’, ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ என்ற வரிசையில் தொடங்குங்கள். மூன்றாவதற்கு வரும்போது உறுமல் உங்களுக்கு இரைச்சலாகக் கேட்காது.