ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி எதனால் ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோலால் என்று சொல்வீர்கள். ஆனால் எடை போட்டுப் பார்த்தால், இன்ஜினுக்குள் போவதில் பெட்ரோலின் பங்கு ரொம்பக் குறைவு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். அதற்கு 11 கிலோ காற்று தேவை. ஒரு கன மீட்டர் காற்றின் எடையே ஒரு கிலோ 200 கிராம்தான். வகுத்துப் பாருங்கள்: 9 கன மீட்டர் சொச்சம் வரும். அதாவது 9,000 லிட்டருக்கும் மேல்! தெருவில் தண்ணீர் பிடித்துவைக்கிற 200 லிட்டர் நீல டிரம்களில் அடைத்தால் 45 டிரம் ஆகும். அத்தனை காற்றையும் அந்தக் குட்டி இன்ஜின் இழுத்துவிடுகிறது.

பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம், அதனால் கணக்கு வைக்கிறோம். காற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது", "பிக்கப் இல்ல", "பெட்ரோல் நெறையக் குடிக்குது" என்று சொல்லும்போதெல்லாம் பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டின் அளவில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து அப்பாவோ மாமாவோ செய்கிற டியூனிங் வேலை, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே சரியான விகிதத்தைத் தேடும் வேலை.

இந்த விகிதத்தோடு மதுரைக்குப் பழைய உறவு உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. பேருந்துகள் நின்றுபோக வேண்டியதுதான். அவருடைய நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்தது. வண்டியோடு ஒரு கரி உலையைப் பொருத்தி, அதில் கரியை எரிப்பார்கள். ஆனால் போதுமான காற்றை விடமாட்டார்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும், அது மேற்கொண்டு எரியாது. காற்றைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்பிப் பேருந்தை ஓட்டினார்கள். காற்றை எவ்வளவு விடுவது என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருந்தது அந்த வித்தை. இந்த கார்பன் மோனாக்சைடை மறந்துவிடாதீர்கள், இன்னொரு இடத்தில் அது நமக்கு எதிரியாக வரும்.

அதே டி.வி.எஸ். குழுமம் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மோபெட்டைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மோபெட் இந்தியாவில் அதுதான் முதல். சோழவந்தான் வெற்றிலைக் கட்டு, உசிலம்பட்டி மல்லிகை மூட்டை, பால் கேன், இட்லி மாவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அந்த வண்டியும் அதன் தம்பியான எக்ஸ்.எல்.லும் சுமக்காதது இல்லை.

இவ்வளவு சுமையை இழுத்த பழைய இன்ஜினின் கொள்ளளவு 50 மில்லிலிட்டர். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதி! இது எப்படி முடிந்தது? அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டன் மேலே ஏறும்போது தலைக்கு மேல் இருக்கும் கலவையை அழுத்துகிறது. அதே நேரத்தில் கீழே உள்ள அறைக்குள் புதுக் கலவை வந்து நிறைகிறது. மேலே பொறி விழுகிறது, கலவை எரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. இறங்குகிற பிஸ்டன் சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்துவிடும். ஒரு துளை வழியாகப் புகை வெளியே போக, இன்னொன்றின் வழியாகக் கீழிருந்த புதுக் கலவை மேலே பாய்கிறது. தனியாகக் கதவு, வால்வு எதுவும் கிடையாது, பிஸ்டனே கதவு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிவதால், சின்ன உடம்பில் பெரிய பலம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் டேயின் நிறுவனத்தில் 1890-களின் தொடக்கத்தில் இந்த அமைப்பு உருவானது. எத்தனை குறைந்த பாகங்களில் எத்தனை வேலை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

ஆனால் இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. கீழ் அறை கலவைக்கு வழியாகிவிட்டதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெட்ரோலிலேயே லிட்டருக்குச் சுமார் 20 மில்லி 2டி ஆயிலைக் கலக்கிறார்கள். அது எரிந்து நீலப் புகையாக வருகிறது, கொஞ்சம் கரியாகவும் படிகிறது. அடுத்தது, புகை போகும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு சேர்ந்து ஓடிவிடும்.

கரி படிவது எங்கே தெரியும் தெரியுமா? "அண்ணே, பாலத்து ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று ஒருவர் வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினைத் தொடமாட்டார். "சைலன்சர்ல கரி அடைச்சிருக்கும்ப்பா, கழட்டு" என்பார். பழைய புகை வெளியேறினால்தானே புதுக் கலவைக்கு உள்ளே இடம் கிடைக்கும்!

இனி கார்ப்ரேட்டருக்கு வருவோம். காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடம் இதுதான். வீட்டிலேயே ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை நிமிர்த்திப் பிடியுங்கள். அதன் மேல்முனை தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் அளவுதான் இருக்க வேண்டும். இன்னொரு ஸ்ட்ராவைக் கிடையாக வைத்து, முதல் ஸ்ட்ராவின் வாய்க்கு மேலாக வேகமாக ஊதுங்கள். தண்ணீர் தானே ஏறி, சிறு துளிகளாகச் சிதறும். ஊதிய காற்று விரைந்து கடக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. டம்ளரிலுள்ள தண்ணீரை வெளிக்காற்று அழுத்தி மேலே தள்ளுகிறது. கார்ப்ரேட்டரில் நடப்பதும் இதுதான். காற்று போகும் குழாய் நடுவில் குறுகுகிறது, அங்கே காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, ஜெட் என்ற துளை வழியாகப் பெட்ரோல் மேலே வந்து தூவுகிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவை டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதினார். அப்போது பெட்ரோல் இன்ஜினே கிடையாது!

ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது. பெட்ரோலோடு வந்த தூசி அங்கே அடைத்துக்கொள்ளும். உடனே கம்பியைவிட்டுக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. ஏன் என்பதற்கு வட்டத்தின் பரப்பளவுக் கணக்கு போதும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், பரப்பளவு 1.1 பெருக்கல் 1.1, அதாவது 1.21 மடங்கு ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல், ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூடுதலாக விட்டுவிடும். பெரியவர்கள் அதைக் கழற்றி, பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்வதே சரி.

காற்று வரும் பக்கமும் அடைபடும். திருமங்கலத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுப் பாதையில் கோடை முழுதும் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தூசி அப்பிக்கிடக்கும். ஸ்பாஞ்சு ஃபில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வண்டியின் கையேடு சொன்னபடி எண்ணெய் தடவி மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். தூசி தொந்தரவு என்று ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டினால், மணல் துகள் நேராக சிலிண்டருக்குள் போய்ச் சுவரைத் தேய்த்துவிடும்.

உள்ளே விகிதம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "பிளக்கக் கழட்டிப் பாரு தம்பி, அதுவே சொல்லிரும்" என்பார்கள் மெக்கானிக்குகள். உண்மைதான். எரிகிற இடத்திலேயே இருந்துவிட்டு வரும் ஒரே சாட்சி அது. நுனி வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. வறண்ட கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் அதிகம். வெள்ளை வெளேர் என்று இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. பெட்ரோல் குறைந்து, இன்ஜின் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று பொருள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது? பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடும் உராய்வும் சேர்ந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகி ஜாம் ஆகிவிடும். இவ்வளவு செய்தி சொல்லும் பிளக்கை, மாற்றியதும் பார்க்காமல் குப்பையில் போடுவது எனக்குப் பொறுப்பதில்லை. உங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு வாங்கி, பழைய பிளக்குகளை ஒரு டப்பாவில் நிறவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

பிளக்கில் பொறி வருவது தனிக் கதை. இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டுச் சக்கரத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை கம்பிச் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது, மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது. அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தினால், பிளக்கின் முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியை மின்சாரம் தாண்டுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், டூ ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 50 பொறிகள்! இவ்வளவு வோல்ட் இருப்பதால், இன்ஜின் ஓடும்போது பிளக் வயரை நீங்கள் தொடவே கூடாது.

டியூனிங் செய்யும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் வண்டியைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்குவார்கள். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புவார்கள். ஒரு பக்கம் திருப்பினால் காற்று குறைந்து சத்தம் கனத்துத் திணறும். மறுபக்கம் அதிகமாகத் திருப்பினால் காற்று மிகுந்து, வண்டி அணையப் பார்க்கும். நடுவில் ஓர் இடத்தில் சுற்று உயர்ந்து, சத்தம் சீராகும். அங்கே நிறுத்திவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைப்பார்கள். காதுதான் இங்கே அளவுகோல்.

இப்படிச் சரிசெய்த வண்டியை வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஓட்டிப்போனால் திணறும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் கலவை கெட்டுப்போகிறது. மதுரை வெயிலே கொஞ்சம் இந்த வேலையைச் செய்யும். 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு அடர்த்தி குறைவு.

கார்பன் மோனாக்சைடைச் சொன்னேன் அல்லவா? காற்று போதாமல் பெட்ரோல் எரியும்போதும் அது வரும். நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தை ரத்தத்தில் பிடித்துக்கொண்டு உயிரையே எடுத்துவிடும். ஆகவே இன்ஜினை ஓடவிடும் வேலை எதுவானாலும் திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும், நடையிலோ ஷெட்டுக்குள்ளோ கூடாது. பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும்.

2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. ஆயிலுக்குத் தனி இடம் உண்டு, நீலப் புகை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின், கார்ப்ரேட்டருக்குப் பதிலாக ஃபூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று ஓர் உணரி அளந்து சொல்ல, சின்னக் கணினி ஒன்று பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. காது செய்த வேலையை இப்போது அது செய்கிறது. இந்த வண்டிகளில் ஏர் ஸ்க்ரூவைத் தேட வேண்டாம். ஃபில்டர், பிளக், செயின், டயர் காற்று ஆகியவை இன்றைக்கும் வீட்டு வாசலில் கவனிக்க வேண்டியவைதான்.

பழைய வண்டியோ புதிய வண்டியோ, நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. டேங்கை ஓர் அடையாளம் வரை நிரப்பச் சொல்லி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே அடையாளம் வரை மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 180 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்றால் மைலேஜ் 60. அடுத்த வாரம் ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்து அதே கணக்கை எடுங்கள். அதற்கடுத்த வாரம் டயர் காற்றை மட்டும் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் மைலேஜ் கூடும், எது கூட்டியது என்பது தெரியாது. மூன்று வாரமும் ஒரே வழியில், ஒரே அளவு சுமையோடு ஓட வேண்டும். ஒரு வாரம் சோழவந்தான் சாலையிலும் மறுவாரம் கோரிப்பாளையம் நெரிசலிலும் ஓடிய எண்களை ஒப்பிட முடியாது.